எல்லாவற்றையும் மறந்துவிடும் பிரவுசரை மாப்பிள்ளை திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். கம்ப்யூட்டர் மட்டும் அவ்வளவு சுகமில்லை. அங்கே நீங்களும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தை என்று நான் சொல்வது உங்கள் மனைவியைத்தான், எனக்கு அப்படித்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளவும். போனில் கூப்பிடாமல் தாளில் எழுதுகிறாரே என்று யோசிப்பீர்கள். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, நாம் எதைத் தேடுகிறோம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதையெல்லாம் யாரோ குறித்துவைத்துக்கொண்டே வருகிறார்கள் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தபால்பெட்டி மேல் தனி மரியாதை வந்துவிட்டது. உறையை ஒட்டிப் போட்டால் போட்டதுதான். அது பின்னாலேயே வந்து, இதைப் போட்டவர்கள் இன்னொன்றும் போட்டார்கள் என்று சொல்வதில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது புகார்க் கடிதம் இல்லை. மாப்பிள்ளை மேல் மாமனார் புகார் சொல்வதாவது. தாங்கள் செய்த உதவியால் என்னென்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் உங்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், என் நண்பர் ஒருவருக்கு ஒரு சிக்கல், அவர் காது மெஷின் பற்றிக் கம்ப்யூட்டரில் தேடினார், அதிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காது மெஷின் விளம்பரம்தான் வருகிறது, அவர் மனைவி செய்தி படிக்க உட்கார்ந்தாலும் ஓரத்தில் ஒரு பெரிய காது தெரிகிறது, வீட்டுக்குத் தெரியாமல் தேட வழி உண்டா என்று கேட்டேன். நீங்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். அந்த நண்பர் நான்தான் மாப்பிள்ளை. அச்சகத்து இயந்திரக் கூடத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவனுக்குக் காது மிச்சமிருந்தால்தான் அதிசயம். கொஞ்ச காலமாக உங்கள் மாமியார் பேசுவது எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன், முகம் சுருங்கினால் அடடா என்பேன், நடுவில் ஆங்காங்கே ஒரு "ம்" போட்டுக்கொள்வேன். முன்னறைக்கு ஊதா வண்ணம் அடித்திருப்பதைப் பார்த்து நீங்கள் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றீர்கள் அல்லவா, அது அப்படி நான் போட்ட ஒரு "ம்".

இதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் அண்ணன் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. அண்ணனுக்குக் காது மந்தமான பிறகு அந்த வீட்டில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. கெட்டவர்கள் என்று இல்லை, அலுத்துப்போயிற்று. சாப்பிட வாருங்கள், மாத்திரை போட்டீர்களா, இந்த இரண்டோடு சரி. மற்றதெல்லாம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், அவர் நடுவில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மாமியார் வாய் ஓயாதவள், உங்களுக்கே தெரியும். தெருவில் போகிற நாய் முதல் உலக நிலவரம் வரை என்னிடம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவளும் இரண்டே வாக்கியத்தில் நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதனால் அவளுக்குத் தெரியாமலே மெஷின் வாங்கி, முடிக்குள்ளே மறைகிற மாதிரி மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம் என்று திட்டம்.

நீங்கள் போட்டுக்கொடுத்த புது பிரவுசர் நல்ல பிரவுசர். மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றீர்கள், உண்மையிலேயே மறந்துவிடுகிறது. உங்கள் மாமியார் தன் தங்கையோடு கம்ப்யூட்டரில் சதுரங்கம் விளையாடுவாள். ஜெயிக்கிற கட்டத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனவள் திரும்பி வந்து பார்த்தால், நீங்கள் யார் என்று கேட்கிறது. கடவுச்சொல்லை அவள் மனத்தில் வைத்துக்கொண்டதே இல்லை, பழைய பிரவுசர் வைத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்து உள்ளே போவதற்குள் நேரம் முடிந்து, அவள் தோற்றதாகக் கணக்கு எழுதிவிட்டது. தங்கை வேறு போன் பண்ணி ஆறுதல் சொன்னாளாம். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. யார் இதை மாற்றினது என்று வந்து நின்றாள். மாப்பிள்ளை போட்டது என்றேன். உடனே அடங்கிவிட்டாள், நல்லதுக்குத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் போட்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

பிறகு, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்கிறது. ஆயுசு முழுக்க இயந்திரங்களை மேய்த்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. போக்குவரத்து விளக்கு இருக்கிற படங்களைத் தொடு என்கிறது, தொட்டால் போதாது, விளக்குக் கம்பமும் விளக்கில் சேர்த்தியா என்று நானே முடிவுபண்ண வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், நாங்களும் எங்கள் எண்ணூறு கூட்டாளிகளும் உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று போட்டு, ஏற்கிறேன் என்பதைப் பெரிதாகவும் மறுக்கிறேன் என்பதை எறும்பு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். ஒருவன் அந்தரங்கத்தை மதிக்க எண்ணூறு பேர் எதற்கு மாப்பிள்ளை. நீங்கள் சொன்ன தேடுபொறியும் லேசுப்பட்டதில்லை. அது என்னைப் பற்றி எதையும் குறித்துவைப்பதில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்றுகூட அதற்குத் தெரியாது. பக்கத்தில் காது டாக்டர் யார் என்று கேட்டால், கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் இருக்கிற டாக்டரை எடுத்துக் காட்டுகிறது. அங்கே பனி பெய்கிறதாம், அதையும் சொல்லிற்று. ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆயிற்று.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு. விஷயம் இனிமேல்தான் வருகிறது. எனக்குத் தமிழில் தட்டச்சு வராது. குழந்தை எப்போதோ மைக் பொத்தானைக் காட்டி, பேசினாலே அது எழுதிக்கொள்ளும்ப்பா என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். உங்கள் மாமியார் நடைப்பயிற்சிக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தெரு ஜன்னல் ஓரத்தில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிரவுசரில் நீங்கள் சொன்ன ரகசிய ஜன்னலைத் திறந்து, வெளியே தெரியாத காது மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பதில் வந்தது, படித்தேன், மூடினேன், எல்லாம் அழிந்தது. மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரர் படியில் என்னை நிறுத்தி, அவருடைய சித்தப்பாவும் அதே மாதிரி மெஷின்தான் வைத்திருக்கிறார், நல்லாயிருக்கு என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரவுசர் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தேன், மன்னிக்கவும், உங்களையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். வேறொரு பிரவுசரை நானே இறக்கினேன். அது இன்னும் கெட்டி, படங்களைக்கூடக் காட்ட மறுத்தது. அதிலும் கேட்டேன். சாயங்காலமே எதிர்வீட்டு ஆசிரியை ஒரு காது டாக்டரின் முகவரிச் சீட்டைக் கொடுத்தனுப்பினார். மூன்றாவதாக ஒன்று போட்டேன். கேமராவுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். தேடுபொறியையும் மாற்றினேன். அன்றைக்குத் தெருமுனை மருந்துக்கடைக்காரர், மெஷினுக்கு பேட்டரி எங்ககிட்டயே கிடைக்கும் சார் என்றார். எந்த பிரவுசர், எந்த நாட்டுக் கம்பெனிக்காரன், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரருக்கு இதைப் போய்ச் சொல்கிறான் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். கடைசியில் மறுபடியும் மைக்கை அமுக்கி, நான் தேடுவது தையல்காரருக்குத் தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. உங்கள் மாமியார். நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பின்னால் எத்தனை நேரம் நின்றாளோ, எனக்கெங்கே கேட்கப்போகிறது. நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள்:

"கம்ப்யூட்டர் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை. நீங்கதான் தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டிருக்கீங்க. தையல்காரர் பாவம், மெஷினை நிறுத்திட்டு மேலே பாத்துட்டிருக்கார்."

எனக்கு என் குரல் ரகசியமாகத்தான் கேட்டது மாப்பிள்ளை. அச்சு இயந்திரங்களுக்கு மேலே கத்திப் பழகிய குரல், காதும் போன பிறகு அதன் அளவு எனக்கு எப்படித் தெரியும். அசடு வழிந்துகொண்டு, அப்படியானால் அந்த விளம்பரங்களையும் பார்த்திருப்பாயே என்றேன். அவை நான் தேடியதால் வந்தவையே இல்லையாம். எனக்கு முன்னாலேயே அவள் தேடியிருக்கிறாள், போன வருஷத்திலிருந்தே. எந்த மெஷின் எனக்குச் சரிப்படும் என்று பார்த்துவைத்துவிட்டு, நானாக வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். அப்புறம்தான் அண்ணன் வீட்டுக் கதையைச் சொன்னேன். உனக்குத் தெரிந்தால் நீயும் பேச்சை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் மறைப்பானேன்.

"கேக்கலைன்னு தெரிஞ்சேதானே ஒரு வருஷமா பேசிட்டிருக்கேன்," என்றாள்.

மறுநாள் இரண்டு பேருமாக ஆசிரியை சொன்ன டாக்டரிடமே போனோம். இப்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது, மறைகிற வகை இல்லை, நன்றாகத் தெரிகிற வகை. ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. என் செருப்புக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. உங்கள் மாமியார் ஒரு வருஷமாக எனக்குக் கேட்காமல் போனதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள், நான் உண்மையான "ம்" போடுகிறேன். சில இடங்களில் மாட்டேன் என்றும் சொல்ல முடிகிறது, அதற்கு அவள் இன்னும் பழகவில்லை.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்த மறதிக்கார பிரவுசர் இனி இந்த வீட்டுக்குத் தேவையில்லை. நான் பழையதற்கே போய்விட்டேன். எண்ணூறு கூட்டாளிகளுக்கும் ஏற்கிறேன் என்று பெரிய பொத்தானையே அமுக்கிவிட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிக்க எதுவும் இல்லாத வீட்டில் ஊர் என்ன குறித்துக்கொண்டால் என்ன. அடுத்த முறை வரும்போது மிச்சம் மீதியையும் தாங்களே துடைத்தெடுத்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும். குழந்தையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல், கேட்டதெல்லாம் கிடைத்து, நல்லபடியாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். இன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு மெஷினைக் கழற்றாமலே சாய்ந்துவிட்டேன். மாப்பிள்ளை, உங்கள் மாமியார் குறட்டை விடுகிறாள். லேசாக இல்லை, எங்கள் அச்சகத்துப் பெரிய இயந்திரம் ஓடத் தொடங்குகிற மாதிரி. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் குறட்டை விடுகிறவன் நான் ஒருவன்தான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இதை நான் வாயால் சொல்லிவிட்டு இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. எனவே மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிட்டு, குறட்டைக்கு வைத்தியம் தேட அந்த பிரவுசரையும் தேடுபொறியையும் திரும்ப எப்படிப் போடுவது என்று உடனே எழுதவும். போனில் வேண்டாம், தபாலில் எழுதவும். தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.