தடா அண்ணாச்சி சுட்ட பாஸ்தா

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் சூரியன் உதிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தடை போட்டவர் ஒருவர் உண்டு. ஹாஸ்டல் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பந்தடிக்கத் தடை, மாடியில் நின்று போன் பேசத் தடை, ஞாயிறு ஆராதனை நேரத்தில் குக்கர் விசிலுக்கும் தடை. தடா அண்ணாச்சி என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

மகன் கல்யாணத்துக்கும் தடை போட்டார். பூனாவில் இருந்த பையன் அதை மீறி, கூட வேலை பார்த்த குஜராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அண்ணாச்சி கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் போனையும் எடுப்பதில்லை. அவர் மனைவி, எங்களுக்கு மதினி, மட்டும் புறவாசலில் நின்று மகனோடும் மருமகளோடும் ரகசியமாகப் பேசுவார்.

போன வருஷம் மதினி நெஞ்சுவலியில் கிடந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும் மகனையும் மருமகளையும் பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சி சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை.

அவர்கள் வருகிற அன்று மத்தியானம் ஒரு பெரிய பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மருமகள் சுத்த சைவமாம். பாஸ்தாவில் காய்கறியும் வெள்ளை சாஸும் சீஸும் போட்டுச் சுட்டால் விரும்பிச் சாப்பிடுவாளாம். என் மனைவி கேக் சுடுகிற ஓவன் வேண்டுமாம்.

"ஒம்ம மதினி படுத்துக் கெடக்கா. நாந்தான செய்யணும்" என்றார்.

வாரம் தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிற மனுஷன், முட்டை வாடை இருக்கக் கூடாது என்று வேட்டியை மடித்துக் கட்டி எங்கள் ஓவனைத் துடைத்தார். அன்று எங்கள் வீட்டில் மீன்குழம்புக்குத் தடை. நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

கட்டி தட்டிய சாஸை வடிகட்டி, புதுத் தட்டில் எல்லாம் நிரப்பி உள்ளே வைத்தார். பரீட்சை ஹாலில் பையன்களைப் பார்ப்பது போலக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீஸ் உருகத் தொடங்கியபோது கரண்டு போயிற்று.

கதவைத் திறந்து தட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளை மொதமொதல்ல நம்ம வீட்டுக்கு வருது வே" என்றார்.

எங்கள் பெரிய தேக்சாப் பாத்திரத்தில் மணல் போட்டு, அடுப்பில் ஏற்றி, அதற்குள் தட்டை வைத்து மூடலாம் என்றாள் என் மனைவி. அடுத்த தெருவில் வீடு கட்டுகிற இடத்துக்கு அவரே போய், கேட்டு, மணல் சுமந்து வந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபின், தன் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களையும் உட்கார வைத்தார். பாஸ்தாவின் அடி கருகியிருந்தது. மேலாக எடுத்துச் சாப்பிடும்படி மருமகளிடம் தரையைப் பார்த்துச் சொன்னார். அவளோ அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டி எடுத்துச் சாப்பிட்டாள்.

"நல்லாருக்கு மாமா. இன்னும் வைங்க." மதினியிடம் போனில் படித்த தமிழ்.

அண்ணாச்சி அவளுக்கு வைத்தார். அப்படியே நகர்ந்து, தலை குனிந்திருந்த மகன் தட்டிலும் வைத்தார்.

"ஏலே, தின்னு."

கல்யாணத்துக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தேக்சாவைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். காபி சாப்பிடச் சொன்னோம். மருமகள் போட்டுவைத்திருக்கிறாள், ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார். அவர் வீட்டுக்குள் நுழைகிறவரை நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.