பத்துக்குரல் வாத்தியார்

விருத்தாசலத்தில் பேய் ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு. என் பிரவுசிங் சென்டரிலிருந்து ஆட்களையே ஓட்டியவர் பத்துக்குரல் வாத்தியார் ஒருவர்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். இவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தார். இவருடைய மாணவர்கள் சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்திப் பழகப் போவார்கள். பக்கத்து ஊர்ச் சென்டர்களிலிருந்து சந்தேகங்களை மெயிலில் அனுப்புவார்கள். இவர் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பதில் போடுவார். படங்கள், மாதிரிப் பாடங்கள் எல்லாம் இறக்கி சிடியில் ஏற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்.

இதுவரை சரி. ஆனால் வந்த மெயிலை, எழுதியவரின் குரலிலேயே வாய்விட்டுப் படிப்பார். மிமிக்ரி இல்லை, தொண்டையே மாறிவிடும். ஒருநாள் மகளின் ரிசல்ட் பார்க்கப் பீங்கான் சூளைத் தொழிலாளி ஒருவர் வந்தார். பக்கத்துத் தடுப்பில் இளம்பெண் விசும்பும் சத்தம். பாவமே என்று திரையை விலக்கினால், வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக வாத்தியார். தலை முதல் கால் வரை வெள்ளை மாவு படிந்து, தானே பேய் மாதிரி இருந்த அந்த மனிதர், "ஐயோ, பேய்ங்க!" என்று தெருவில் ஓடினார்.

"ஏன் சார் இப்படி?" என்றேன்.

"எழுத்துல பொய் சொல்லிடலாம்ங்க. வாய்விட்டுப் படிச்சா மாட்டிக்கும்."

அவர் முகமே பார்த்திராத ஒரு பள்ளி ஆசிரியரின் மெயிலையும் ஒருநாள் கரகரத்த குரலில் படித்தார். அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் வந்து, "சார் வந்தாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அதே கரகரப்பு.

பிறகு தமிழரசியின் மெயில் வந்தது. கர்நாடகா இல்லை, எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்த மாணவி. 'எல்லாம் நல்லா இருக்குது சார். கவலைப்படாதீங்க.' அவ்வளவுதான். வாத்தியார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஏழாவது முறை அந்தக் குரல் நடுவில் உடைந்தது. எழுந்து வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"இந்தப் பொண்ணு நல்லா இல்லீங்க. காலைல மொத பஸ்ஸுக்குப் போறோம். நீங்களும் வாங்க."

போனோம். பள்ளிக் கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்தி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். வராந்தாவில் தமிழரசி பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டிவைத்த பை.

"ஒரு கிளாஸுகூட எடுக்க வுடல சார். மதியம் பஸ்ஸுல வூட்டுக்குப் போயிடுறேன். எனக்கு டீச்சர் வேலையே வேணாம்."

அவளுக்கு வழிகாட்ட வேண்டிய பெரிய டீச்சர் வாசலில் நின்றார். "சிடியே பாடம் நடத்துதாம். அப்புறம் நான் எதுக்குங்க?"

வாத்தியார் கோபப்படவில்லை. "மழை எப்படி வருதுன்னு புள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க டீச்சர்?"

டீச்சர் முறைப்போடுதான் ஆரம்பித்தார். சோறு கொதிக்கும் பானை, மூடியில் கோக்கும் துளிகள் என்று போகப் போக முகம் இளகியது. அவர் முடித்ததும் வாத்தியார் வகுப்புப் பக்கம் திரும்பி, அதே பாடத்தை, அதே குரலில் சொன்னார்.

பிள்ளைகள் டீச்சரின் மூடிய வாயையும் வாத்தியாரின் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு சிரிப்பு இல்லை. டீச்சரின் கை தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது, குரல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதுபோல.

"நான் இவ்ளோ நல்லாவா சொல்றேன்?"

"இன்டர்நெட்டு முழுக்கத் தேடிட்டேங்க. இது மாதிரி ஒண்ணு இல்ல. தமிழரசி எழுதி அனுப்பட்டும், மத்த ஊருப் புள்ளைங்க படிக்கட்டும்."

டீச்சர் சாக்கட்டியை எடுத்துத் தமிழரசியிடம் நீட்டினார். "இன்னிக்கு நீ எடும்மா."

மதிய பஸ் அவள் இல்லாமல் போனது. அந்த வாரமே இரண்டு பேர் பெயரில் ஆறு பக்க மெயில் வந்தது. வாத்தியார் இரட்டைக் குரலில் படித்ததில் எனக்கு நாலு வாடிக்கையாளர்கள் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாயங்காலம் நாலு மணி ஆனால் கீபோர்டு சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. எனக்கு அதன் பிறகுதான் அங்கே உட்காரப் பயமாக இருந்தது.