கிலோவுக்கு இரண்டு நிமிட வெயில்

அடுத்த வீட்டுக்காரியின் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். நான் பொறாமைப்பட்டது அவள் கணவரின் ஜெனரல் ஷிஃப்டைப் பார்த்து.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் வசந்தாவின் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே சுவர். இருவர் கணவருக்குமே வாலிபால் ஆடத் தெரியும் என்பதற்காகத்தான் வேலை கிடைத்தது. ஆனால் அவள் கணவர் டீமில் இருந்தார். டீமில் இருப்பவருக்குப் பகலில் ஆபீஸ், மாலையில் மைதானம், பிறகு வீடு. என்னவர் உபரி ஆட்டக்காரர். சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கம், மாலையில் பயிற்சி, திரும்பவும் ஷிஃப்ட். மூன்று மாதக் குழந்தையோடு நான் தனியே விழித்திருப்பேன். சுவருக்கு அந்தப்பக்கம் வசந்தாவின் கணவர் தாலாட்டுப் பாடுவார். (ராகம் சரியில்லை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.)

அப்போது டீமில் ஓர் இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் ஆட்டம். இவருக்கோ முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, எந்நேரமும் அசதி. வெள்ளிக்கிழமை குழந்தைக்கு எடை பார்க்கப் போனபோது நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ராத்திரி பூரா வேல, பகல் பூரா தூக்கம். ஒடம்புல வெயிலே படலன்னா எலும்புக்கு வைட்டமின் டி எங்கேந்துமா வரும்? கொழந்தைக்கு மட்டும் பத்து நிமிஷம் காட்டிகினு இருக்கீங்க இல்ல?" என்றார்.

வசந்தாவின் கணவர் முகத்தில் இருந்த மினுமினுப்புக்குக் காரணம் மைதானத்து மாலை வெயில்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். பார்க்கப்போனால், வெயிலையும் அவளே வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். குழந்தை ஐந்து கிலோ, பத்து நிமிடம். ஆக, கிலோவுக்கு இரண்டு நிமிடம். கணவர் எழுபது கிலோ. நூற்று நாற்பது நிமிடம். மூன்று முறை சரிபார்த்தேன். ஆனாலும் எனக்குப் பயந்த சுபாவம், எதிலும் ஒரு சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இருபது நிமிடத்தைக் கழித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்கு இட்லி கொடுத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, பின்கட்டில் பாய் விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னேன். மணி பதினொன்று. குழந்தைக்குக் காட்டியது காலை ஏழு மணி வெயில் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

"இதெல்லாம் தேவையா மீனா?"

"ரெண்டு மணி நேரந்தாங்க. கணக்குப் போட்டுட்டேன்."

என்ன கணக்கு என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டார். பாதி நேரத்தில் திருப்பிப் போடுவதாகத்தான் திட்டம். (தோசை ஞாபகம் வந்து கொஞ்சம் சங்கடமாக இருந்தது.) அசந்து தூங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை. ஒரு மணிக்குப் பார்த்தபோது முதுகு செம்பருத்தி நிறத்தில் இருந்தது. எண்ணெய்ப் பசையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வேறு புள்ளிபுள்ளியாக ஒட்டியிருந்தது.

மறுநாள் மைதானத்தில் வசந்தா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். (அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.) ஒரு நாள் ஓய்வோ என்னவோ, இவர் அன்று அப்படி எம்பி அடித்தார். முதல் பாயின்ட். உடனே கூட ஆடிய ஐந்து பேரும் ஓடிவந்து முதுகில் பளீர் பளீரென்று தட்டினார்கள். பாயின்ட் எடுத்தவனுக்கு அதுதான் மரியாதை. இரண்டாவது பாயின்ட்டுக்கும் அதே மரியாதை. இவர் கண்ணில் தண்ணீர்.

"பாவம், சந்தோஷத்துல அழறாரு பாரு," என்றாள் வசந்தா.

மூன்றாவது பந்து வாகாக எழும்பி வந்தது. எதிர்ப்பக்கம் காலி. இவர் பந்தைப் பார்த்தார். தயாராக நின்ற ஐந்து பேரையும் பார்த்தார். பந்தை மெதுவாக வலையில் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பந்தைக்கூடக் கோட்டுக்குள் போடவில்லை. ஏன் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நல்லாத்தான் அடிக்கிறாரு. ஆனா ஜெயிக்கப் பயப்படுறாரு," என்று சொல்லி, பயிற்சியாளர் வேறொருவரை எடுத்துக்கொண்டார். எங்களுக்கு இன்னும் இரண்டு வருட நைட் ஷிஃப்ட். அன்று மாலை விஷயம் தெரிந்து வசந்தா சோற்றுக்கற்றாழை கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் அவள் வீட்டில்தான் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

போன மாதம் மூட்டுவலிக்காக இவரை நானும் மகளும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, வெயிலில் போவதே இல்லையா என்று கேட்டார் டாக்டர்.

"என் பங்கு வெயில மொத்தமா ஒரே நாள்ல வாங்கிட்டேங்க," என்றார் இவர்.

அந்த ஐந்து கிலோ குழந்தை இப்போது அறுபத்தெட்டு கிலோ. டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டை நான் எடுக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டு பையில் போட்டாள்.

"அம்மா, நீ கணக்கே போட வேணாம்."