கந்தரோடையில் இடமில்லை

“அக்கா, அதிலை விளக்குக் கொளுத்தாதையுங்கோ! அது புத்த பிக்குமாற்றை தூபி. உள்ளுக்கை அவையின்ரை எலும்பு கிடக்காம்!”

இப்படிச் சொன்னால் பராசக்தி பயந்து ஓடுவாள் என்று யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் புத்த இடிபாடுகளின் காவலாளி ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். அவளோ, கவிழ்த்த பானைகள்போல் அங்கே நிறைந்து கிடந்த சின்னத் தூபிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் வசதியாகக் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.

“நல்லதாப் போச்சு தம்பி. என்ரை பிள்ளைக்கு நல்ல ஆக்கள் துணை.”

பிள்ளை உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டையில் காணாமற் போனவன். உடலும் இல்லை, குழியும் இல்லை. கட்டிப்பிடித்து அழ அவளுக்கு ஒரு கல்லாவது வேண்டியிருந்தது.

ஆழ்வாப்பிள்ளைக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“சரி, அழாதையுங்கோ. றோட்டுக்குத் தெரியாமல் அந்த மூலையிலை கிடக்கிறதிலை கொளுத்துங்கோ,” என்றார். இரக்கப்பட்ட மனுசன் எந்தக் காலத்தில் தப்பினான்?

அடுத்த வெள்ளி நாலைந்து தாய்மார் வந்து நின்றார்கள்.

“பராசக்திக்கு ஒண்டு ஒதுக்கிக் குடுத்தனியாம். எங்களுக்கும் தா, மோனை.”

“எல்லாம் நிறைஞ்சு போச்சு, இடமில்லை!” என்று ஒரு பொய்யை எடுத்து விட்டார்.

அவ்வளவுதான். நிறைந்துபோனதென்றால் உண்மையாகவே கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை பரவியது. குருநகரிலிருந்து மரியநாயகி மெழுகுதிரியோடும், மகனுக்குப் பிடித்த பொரித்த மீனோடும் வந்து இறங்கினாள். புத்தரின் முற்றத்தில் பொரித்த மீன்! காகங்களுக்கு நல்ல கொண்டாட்டம்.

“இது என்ரை மோன்ரை கல்லு, அங்காலை போ!” என்று சண்டை பிடித்தவர்களே பிறகு ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதார்கள். விலக்கப் போன ஆழ்வாப்பிள்ளையும் சேர்ந்து அழுதார்.

அன்று பார்த்துத்தான் மேலதிகாரியின் வாகனம் வரவேண்டுமா? தாய்மாரை வேலிக்கு வெளியே கலைத்து, விளக்குகளைப் பனையோலைக் கடகத்தில் அள்ளி ஒளித்தார். மூலையில் இருந்த பராசக்தியின் விளக்கை மறந்துபோனார்.

அதிகாரி அந்த விளக்கைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டதை, வாகனம் ஓட்டிவந்த சிங்கள றைவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“இது யாரு வச்சது எண்டு ஐயா கேக்கிறார்.”

“தெற்கிலையிருந்து புத்தரைக் கும்பிட வந்த சிங்கள ஆக்கள்...” என்று ஆழ்வாப்பிள்ளை இன்னொரு பொய்யை எடுத்து விட்டார்.

அதிகாரிக்கு மெத்தச் சந்தோசம். படமெடுக்க அப்பால் போனார்.

றைவர் போகவில்லை. இலையில் கிடந்த மீன்முள்ளைப் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்ற தாய்மாரைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை கடகத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். வேலை போச்சு!

றைவர் மெல்லச் செருப்பைக் கழற்றினார்.

“அண்ணே... ஆமியில சண்டைக்குப் போன நம்ம மகனும் இன்னும் கிடைக்கல்ல. அவன்ட அம்மாவுக்கு... இங்க ஒரு இடம் இருக்குமா?”