சத்தம் போடாத வான்கோழி சாஸ்திரம்

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பொருளை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது ஒரு பெரிய காரியமா? கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் இருக்கிற ஒன்றை ‘இருக்கிறது’ என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய பெருமை, அலபாமா மாநிலத்தில் எங்கள் டர்னிப் ஓடை வான்கோழி வேட்டைச் சங்கத்தையே சாரும். சங்கச் செயலாளர் என்ற முறையில் அந்த வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

வசந்தகாலம் வந்தால் காட்டு வான்கோழிச் சேவல் விடியற்காலையில் மரத்தில் இருந்தபடியே கத்த வேண்டும். கத்தினால்தான் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சில வருடங்களாக எங்கள் காட்டில் எதுவும் கத்தவில்லை. சாதாரண மூளை உள்ளவர்கள் இதிலிருந்து, “சுட்டுத் தீர்த்துவிட்டார்கள்” என்று முடிவு கட்டுவார்கள். எங்கள் தலைவர் வெர்னன் டிட்வெல் அப்படிப்பட்டவர் அல்லர். டிராக்டர் விற்று முன்னுக்கு வந்தவர். வான்கோழிகள் ‘மௌனம் கடைப்பிடிக்கின்றன’ என்று அவர் அறிவித்தார். சங்கக் கொட்டகையின் சுவரில் இடம் போதாமல் கூரை வரைக்கும் ஆணி அடித்து வைத்திருக்கிற வான்கோழி வால்களுக்கும் இந்த மௌனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தீர்மானமும் போட்டோம். ஒருமனதாக.

காடு எங்களுடையது அல்ல, குத்தகைக்கு எடுத்தது. சொந்தக்காரர் மிஸ் ஒடெஸா கிரென்ஷா. பக்கத்தில் பீக்கன் கொட்டை மரத் தோப்பு வைத்திருக்கிறார்; லாரியைத் தானே ஓட்டுவார்; சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நாங்கள் எங்கள் ஊரில் பிஸ்கட் என்று சொல்கிற மெத்து ரொட்டியைப் பன்றிக்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டு ‘ஆண்டுப் பொதுக்குழு’ நடத்திக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

“வெர்னன், குத்தகை இந்த சீசனோட முடியுது. ஞாபகம் இருக்கா?”

“அதான் புதுப்பிச்சிடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம் மிஸ் ஒடெஸா. உக்காருங்க, பிஸ்கட் சூடா இருக்கு.”

“எனக்கு பிஸ்கட் வேணாம். விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு தோப்புல நிக்கறேன். ஒரு சேவல் கத்தல. ஒண்ணே ஒண்ணு கூட கத்தல. என் காட்டை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து?”

“அதெல்லாம் இருக்கும்மா. சத்தம் போடல, அவ்வளவுதான்.”

“ஏன் போடல?”

“கூச்சமா இருக்கும்,” என்றார் துணைத் தலைவர் டெல்பர்ட் ஸ்காகின்ஸ். குழாய் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட மாட்டார்.

மிஸ் ஒடெஸா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. உயிரோட ஒண்ணு காட்டுங்க. ஒண்ணு போதும். பத்து வருஷத்துக்குக் காட்டை எழுதித் தரேன். காட்ட முடியலன்னா கேட்டுக்குப் பூட்டு. ஒரு ஆள் உள்ள வரக்கூடாது. அந்தக் காடு கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

அவர் போன பிறகு யாருக்கும் பிஸ்கட் இறங்கவில்லை. காடு கைவிட்டுப் போனால் வசந்தகாலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து மனைவி சொல்கிற வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கும். குடும்பஸ்தர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அவசரமாக ஒரு நிபுணரை வரவழைத்தோம். லாமர் ஹகபி, ‘இயற்கை ஒலி ஆலோசகர்’. அதற்கு முன்பு காது கேட்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தாராம். ஆகவே அனுபவத்தில் குறைவில்லை. கரும்பலகை முன் நின்று தொண்டையைச் செருமினார்.

“வான்கோழி பேசலன்னா என்ன? அக்கம்பக்கம் பேசும்ல? உங்க ஊர்ல ஒருத்தர் வாயே தொறக்கறதில்ல. ஆனா அவர் வீட்டு விஷயம் அத்தனையும் உங்களுக்குத் தெரியும். எப்படி?”

“சர்ச் விட்டு வெளிய வர்றப்ப சொல்லுவாங்க,” என்றார் டெல்பர்ட்.

“அதேதான். காட்டுல அந்த வேலையைப் பாக்கறது காக்கா. சேவல் வாலை விரிச்சு நின்னா காக்காவுக்குப் பொறுக்காது. கூட்டமா வந்து மேல பாஞ்சு பாஞ்சு கத்தும். காக்கா எங்க கத்துதோ அங்க சேவல். நீல ஜே பறவை திட்டினா, சேவல் நடந்து போகுதுன்னு அர்த்தம். மரங்கொத்தி கொத்தறதை நிறுத்தினா, பெட்டை போகுது.”

“எதுவுமே கத்தலன்னா?” என்று நான் கேட்டேன்.

“ரொம்பப் பெரிய சேவல். எல்லாம் பயந்து வாயை மூடிக்கிட்டிருக்கு.”

“அப்ப வான்கோழி இல்லங்கறதுக்கு என்ன அடையாளம்?”

ஹகபி என்னைக் கருணையோடு பார்த்தார். “அப்படி ஒரு அடையாளம் இதுவரைக்கும் கண்டுபிடிக்கப்படல.”

கொட்டகை அதிரக் கைதட்டினோம். தலைவர் கண் கலங்கிவிட்டார். அந்த இடத்திலேயே ‘பிற பறவைகள் நடத்தைக் கண்காணிப்புக் குழு’ அமைக்கப்பட்டது.

எங்கள் பக்கத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆந்தை போலக் கத்தத் தெரியும். ஆந்தைச் சத்தம் கேட்டால் சேவல் ரோஷப்பட்டுத் தானும் கத்திவிடும் என்பதற்காகக் கற்றுக்கொள்வது. “உனக்கு யாரு சமைக்கிறா? உங்க எல்லாருக்கும் யாரு சமைக்கிறா?” என்று ஆந்தை கேட்கிற மாதிரி தாளம் வைத்துப் பழகுவோம். கழுத்தில் காக்கை ஊதல் ஒன்றும் தொங்கும், அதே காரணத்துக்காக. இவ்வளவு பயிற்சி பெற்றவர்களைக் காட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்து, கேட்கும் பறவைச் சத்தத்தையெல்லாம் குறிக்கச் சொன்னால் ஆராய்ச்சி எவ்வளவு வேகமாக முன்னேறும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் நாளே மகத்தான முடிவு கிடைத்தது. கிழக்கு மேட்டில் தலைவர் ஆந்தைக் குரல் கொடுத்தார். மேற்கிலிருந்து ஓர் ஆந்தை பதில் சொன்னது. மறுபடி கொடுத்தார், மறுபடி பதில், இன்னும் கிட்டத்தில். இப்படி ஒரு நட்பான ஆந்தையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று தலைவர் பிறகு சொன்னார். மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த டெல்பர்ட்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நான் பார்த்தபோது ஒரே ஓக் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, இலைப்படம் போட்ட உடுப்பும் முகமூடியுமாக நின்று, யாருக்கு யார் சமைக்கிறார்கள் என்று உருக்கமாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீயாடா?” என்றார் தலைவர்.

“நீங்களா தலைவரே? நான் ஜோடி தேடற ஆந்தைன்னுல்ல நெனச்சேன்.”

“வாயை மூடு.”

இதனால் குழு சோர்ந்துவிடவில்லை. காக்கைக் கூச்சல் கேட்ட இடங்களிலெல்லாம் வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி குத்தினோம். ஒரு வாரத்தில் ஓடைக்கு மேல் இருந்த ஒரு மரக்கட்டையைச் சுற்றி ஊசி குத்த இடமில்லாமல் போயிற்று. அந்தக் கட்டையில் தினமும் உட்கார்ந்து காக்கை ஊதலை ஊதிக்கொண்டிருந்தவர் டெல்பர்ட்தான் என்று நான் சபையில் தெரிவித்தேன்.

“நான் ஊதினதைத்தான் குறிச்சிருக்கீங்களா?” என்று டெல்பர்ட் அதிர்ந்தார். “நான் வேற அந்தச் சத்தத்தை ஒரு தடவ குறிச்சு வெச்சேனே!”

ஹகபி அசரவில்லை. “டெல்பர்ட் ஊதினதால காக்கா இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும்? காக்கா கத்தப் போற நேரத்தை உள்ளுணர்வால தெரிஞ்சுக்கிட்டு டெல்பர்ட் முந்திக்கிட்டிருக்கலாமே?” டெல்பர்ட்டுக்குத் தன்மேல் இருந்த மதிப்பு அன்று ஒரு படி உயர்ந்தது.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை. அன்று காட்டாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு. விடியும் முன்பே மிஸ் ஒடெஸா ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். எங்கள் தோள்களைப் பார்த்தார்.

“பாக்கத்தானே போறோம்? துப்பாக்கி எதுக்கு?”

“பழக்கம்மா. இது தோள்ல இல்லன்னா எனக்குக் காது சரியா கேக்காது,” என்றார் தலைவர்.

“சுடக் கூடாது வெர்னன். அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கோ என்னவோ. எனக்கு வாக்குக் குடு.”

தலைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். “என் ஆத்தா மேல சத்தியம்.” நாங்களும் எங்கள் எங்கள் ஆத்தாக்களைச் சேர்த்துக்கொண்டோம்.

ஓடைக்கரையில் மரங்களில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். யாரும் ஊதக் கூடாது என்று மிஸ் ஒடெஸா ஊதல்களையெல்லாம் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். வெளுத்தது. எங்கள் காடு எங்கள் சத்தம் இல்லாமல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது கத்தியது காக்கை. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே. ஓடைக்கு அந்தப் பக்கம் எதன்மேலோ பாய்ந்து பாய்ந்து எழுந்தன. ஹகபியின் முகம் வெளிறிவிட்டது. தன் சாஸ்திரம் உண்மையாக இருக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

புதர் விலகியது. சேவல் வந்தது. வாலை முழுக்க விரித்து, இறக்கைகள் தரையில் உரசி, தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக, வெயில் பட்ட முதுகு செம்புத் தகடாக மின்ன, நடந்து வந்தது. ஒரு காக்கை தலையை ஒட்டிப் பாய்ந்தது. சேவலுக்குப் பொறுக்கவில்லை. கழுத்தை நீட்டி, காடு முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்துக் கத்தியது.

மிஸ் ஒடெஸா என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இருக்கு,” என்றார். அழுதுகொண்டிருந்தார். “இருக்குடா, இருக்கு.”

மூன்று துப்பாக்கிகள் வெடித்தன.

என்னுடையது வெடிக்கவில்லை, விசைப்பூட்டு மாட்டிக்கொண்டது. சங்கத்தில் இதற்காக இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார்கள்.

“என் குண்டுதான்!” என்று தலைவர் ஓடினார்.

“நீங்க மரத்தைச் சுட்டீங்க தலைவரே, நான் பாத்தேன்!” என்று டெல்பர்ட் பின்னாலேயே ஓடினார். ஹகபி அதற்குள் பறவையின் மார்பில் தாடி மாதிரித் தொங்கும் முடிக்கற்றையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். மூவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பிறகுதான் மிஸ் ஒடெஸா இருக்கிற ஞாபகம் வந்தது.

அவர் ஓடையைத் தாண்டி மெல்ல வந்தார். பறவையின் பக்கத்தில் குந்தி, கசங்கியிருந்த வால் இறகு ஒன்றை நேராக்கினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“உயிரோட காட்டச் சொன்னேன், வெர்னன்.”

“உயிரோடதானம்மா பாத்தீங்க,” என்றார் தலைவர் பணிவாக. “கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்.”

“சட்டப்படி சீசன் இன்னிக்கு வரைக்கும் இருக்கு,” என்று டெல்பர்ட் நினைவூட்டினார். “ஆளுக்கு இத்தனைன்னு கணக்கும் இருக்கு. நாங்க தாண்டல.”

“வாக்குக் குடுத்தியே, வெர்னன்?”

“குடுத்தேன். மனசு ஒத்துக்கிச்சு. விரல் ஒத்துக்கல.”

மிஸ் ஒடெஸா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். கத்துவார், பூட்டு வாங்கப் போவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“நானும் ஒரு வாக்குக் குடுத்தேன். உயிரோட ஒண்ணு காட்டினா பத்து வருஷம்னு. காட்டிட்டீங்க. நான் உங்க சங்கத்து ஆள் இல்லையே, மாத்திப் பேச. சாயங்காலம் வந்து எழுதி வாங்கிக்குங்க. காடு உங்களுக்குத்தான். பத்து வருஷமும் உக்காந்து நல்லா கேளுங்க.”

எங்கள் சங்க வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்ததில்லை. அன்று மாலை மீன் பொரித்துக் கொண்டாடினோம். கூரையில் ஒரு வால் ஏறியது. ஹகபிக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தோம்.

இந்த வசந்தத்தில் ஆராய்ச்சியைத் தொடர்கிறோம். வான்கோழிகள் முன்பைவிட ஆழ்ந்த மௌனத்தில் இருப்பதாகக் குழு கருதுகிறது. ஒரே ஒரு புதிய நிகழ்வுதான் எங்களைக் குழப்பியது. நாங்கள் எந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாலும் காக்கைகள் கூட்டமாக வந்து தலைக்கு மேல் நின்று கத்துகின்றன. இடம் மாறினால் கூடவே வருகின்றன. ஹகபியை அழைத்துக் கேட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“இது சேவலைப் பாத்துக் கத்தற கத்தல் இல்ல,” என்றார் கடைசியில். “இது வேற. பக்கத்துல ஏதோ கொல்ற ஜாதி மிருகம் இருக்கு. அதைக் காட்டிக் குடுக்குது.”

உடனே துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம். உச்சி வெயில் வரைக்கும் காடு முழுவதும் ஒரு புதர் விடாமல் தேடிப் பார்த்துவிட்டோம். எங்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.