தென்றலுக்கு வைத்த முத்திரை

தண்புலம் என்று ஒரு நாடு இருந்தது. தான் பயன்படுத்திப் பார்க்காத எதையும் பிறருக்கு விற்கக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். மாம்பழக்காரி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாங்குபவர் கண்முன் தின்று காட்டுவாள். கட்டில் விற்பவன் அதில் ஒரு மதியம் தூங்கி எழுவான். சவப்பெட்டி செய்பவர்கள்கூட ஒருமுறை உள்ளே படுத்து எழுந்துதான் விலை சொன்னார்கள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்குகளில் இந்த வழக்கம் தவறாமல் பார்த்துக்கொள்ள முன்பயன் துறை என்று ஓர் அலுவலகமே இருந்தது. அங்கே முத்திரை அதிகாரியாக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பொய்யாக ஒரு முத்திரையும் வைத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது.

தண்புலத்துக்கு எதிரி கிடையாது. அறுபது ஆண்டுகளாகப் போர் இல்லை. படைவீரர்கள் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலும் அமைச்சர்களுக்குக் குடை பிடிப்பதிலும் தேர்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான் படைத்துறை அமைச்சர் வேழமுத்தனார் ஒரு துப்பாக்கி ஆலையைத் திறந்து வைத்தார். துப்பாக்கி நமக்காக அல்ல, ஏற்றுமதிக்கு மட்டுமே என்று அவர் உறுதி சொன்னதும், அமைதியை விரும்பும் மக்களாகிய நாங்கள் நிம்மதியாகக் கைதட்டினோம். நிமிடத்துக்கு அறுநூறு குண்டுகள் சுடும் அந்தத் துப்பாக்கிக்குத் தென்றல் என்று பெயர் வைத்தார்கள். ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமே என்று, கல்மேட்டு மக்கள் குடித்துவந்த ஏரியைச் சுற்றி வேலி போட்டார்கள். அதற்கும் கைதட்டினோம் என்றுதான் நினைவு.

வடகரை நாட்டுப் படை தென்றலை வாங்க முன்வந்தது. ஒப்பந்தத்துக்கு வந்த தூதர் இளவழுதி, துப்பாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டு முத்திரையைக் காணோமே என்று கேட்டார். அமைச்சர் அவரை ஆலைக்குப் பின்னால் அழைத்துப் போய், பலகையில் சுட்டுப் பார்த்த துளைகளைக் காட்டினார்.

தூதர் மரியாதையாகச் சிரித்தார். “நீங்கள் மாம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டா விற்கிறீர்கள்? தின்று பார்த்துத்தானே விற்கிறீர்கள்?”

அமைச்சரவை மூன்று நாள் கூடிப் பேசியது. தென்றலின் முன்பயனுக்காக விருப்பமுள்ளோர் எதிரியாகப் பதிவு செய்துகொள்ளலாம், பதிவு செய்வோருக்கு ‘மாண்புமிகு எதிரி’ என்ற பட்டம் வழங்கப்படும் என்று முதல் ஆணை வந்தது. ரேஷன் வரிசை என்று நினைத்து நான்கு பேர் வந்து நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் நழுவிவிட்டார்கள். தானாக வந்து நிற்பவர் எதிரி ஆகமாட்டார், எதிரிக்குக் கொஞ்சமாவது கோபம் இருக்க வேண்டும் என்று தூதரும் கருத்துச் சொன்னார். கோபம் வரவழைப்பதற்காக இரண்டாம் ஆணை வந்தது. வாரம் இருமுறை கல்மேட்டுக்குப் போன தண்ணீர் லாரி நின்றது. குடத்துடன் வேலிக்கு நூறடிக்குள் வருபவர் அந்நியப் படையாகக் கருதப்படுவார் என்றது மூன்றாம் ஆணை. நல்ல தமிழில் எழுதப்பட்ட ஆணை அது. பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.

மறுநாள் கல்மேட்டிலிருந்து மூக்கம்மாள் என்ற பெண் வெறுங்குடத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“சார், எங்களச் சுட்டாத்தான் சீல் வைப்பீங்கன்னு சொல்றாவ. மெய்தானா?”

விதி அப்படித்தான் என்றேன்.

“அப்ப சுடாமலே வச்சிருங்களேன். ஒரு பொய்தான சார்.”

இருபத்தாறு ஆண்டுகளில் நான் பொய் முத்திரை வைத்ததில்லை என்று சொன்னேன். சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அப்படியானால் சீலே வைக்க முடியாது என்றாவது எழுதிவிடுங்கள் என்றாள். அந்த அதிகாரமும் எனக்கு இருந்தது. பொருள் தகுதியற்றது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், தென்றல் அன்றைக்கே செத்திருக்கும். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பேசவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது.

“எம்மவ பிள்ள பெத்துக் கெடக்கா. வீட்டுல சொட்டுத் தண்ணி கெடையாது. நாளைக்குக் கொடத்தத் தூக்கிட்டு வரத்தான் செய்வேன் சார். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொன்னேன்.”

சொன்னபடியே வந்தாள். கூட ஏழெட்டுப் பேர் வந்தார்கள். காலை பத்து மணி. வீரர்களின் கை குடை பிடித்துப் பழகியது. தென்றலையும் குடைக்காம்பைப் போலவே பிடித்தார்கள். ஆனால் தென்றல் நல்ல துப்பாக்கி. அது எங்கும் சிக்கவில்லை. மூக்கம்மாளும் இன்னும் நால்வரும் நூறடிக்குள் விழுந்து கிடந்தார்கள். கூப்பிடு தூரத்தில் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது.

தண்புலம் தன் முன்னோர் வழக்கத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை என்று வேழமுத்தனார் அங்கேயே ஒரு மேடை போட்டுப் பேசினார். என்னிடம் படிவத்தை நீட்டினார்கள். ‘பயன் எவ்வாறு இருந்தது?’ என்று ஒரு கட்டம் அதில் உண்டு. மாம்பழத்துக்கும் கட்டிலுக்கும் எழுதியதைப் போலவே ‘நிறைவு’ என்று எழுதினேன். முத்திரையையும் வைத்தேன். அது உண்மையான முத்திரை. அதை நினைத்தால் இன்றும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மதிய விருந்தில் தூதருக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டிருந்தார்கள். வடகரைக்கு எந்த நாட்டோடு பகை என்று கேட்டேன். அந்நியர் யார்மேலாவது சுடத்தான் என்று அவர் சொல்லிவிட்டால் கொஞ்சம் சோறு இறங்கும் என்று தோன்றியது.

“எங்களுக்கு எந்த நாட்டோடும் பகையில்லை, ஐயா. இத்தனை துப்பாக்கிகளை வாங்கி யார்மேல் பயன்படுத்துவது என்று எங்கள் அமைச்சரவையில் ஒரே குழப்பமாக இருந்தது. இன்று காலை நீங்கள் செய்து காட்டினீர்கள். குழப்பம் தீர்ந்தது,” என்றார் இளவழுதி. பிறகு மனமார நன்றி சொன்னார்.

வாங்குபவர் நன்றி சொன்னால் முத்திரை அதிகாரி எழுந்து கைகூப்ப வேண்டும் என்று எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. எச்சில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கைகூப்பினேன்.