தண்ணித் தொட்டி மேடும் இரண்டு சம்பந்திகளும்

"தண்ணித் தொட்டி மேடெல்லாம் எனக்கு ஒரு மேடா சம்பந்தி? ஒரு கையில டீ டம்ளர், இன்னொரு கையால பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே சைக்கிள்ல ஏறிக் காட்டுவேன். ஒரு சொட்டு சிந்தாது!"

லிஃப்ட்காரர் இப்படிச் சொன்னதும் அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அது ஆபத்தான அறிகுறி. மகளின் மாமனாரான அவர் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்தவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பேத்தி பிறந்த செய்தியைச் சொன்னபோதுகூட, "எந்தத் தராசுல போட்டுப் பார்த்தாங்க?" என்றுதான் கேட்டார். ஊரில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஏறுங்க, பார்க்கறேன்" என்றார் தராசுக்காரர்.

"அதுக்கென்ன, ஏறிட்டாப் போச்சு!"

"டீ வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். கால் ஊனாம ஏறினாலே போதும். ஊனிட்டீங்கன்னா சைக்கிளை வித்துட்டுத் தினம் காலையில என்கூடப் பூங்காவுல நடக்க வரணும்."

"சபாஷ் மாமா!" என்றாள் மகள். அப்பா சைக்கிளில் போவது அவளுக்குப் பிடிப்பதில்லை.

லிஃப்ட்காரர் இரண்டையும் மனசுக்குள் எடை போட்டார். சைக்கிள் கைவிட்டுப் போவது ஒரு துக்கம். தராசுக்காரரோடு நடப்பது அதைவிடப் பெரிய துக்கம். பூங்காவை ஒரு சுற்று வருவதற்குள் உலகத்திலுள்ள கள்ளத் தராசுகள் அத்தனையின் கதையையும் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த சுற்றில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார் அந்த மனிதர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்து ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்கிய லிஃப்ட்காரர், தன் சைக்கிளில் ஒரு மேட்டைக்கூட ஏறியதில்லை. சமதரையில் பறப்பார். துரத்தி வந்த நாய்கள் மூச்சு வாங்கி வழியிலேயே படுத்துவிடும். மேடு வந்ததும் மட்டும் இறங்கி ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்துவிடுவார். தண்ணித் தொட்டி மேட்டின் அடியில் இதுவரை அவர் கட்டிய லேஸையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினால் உச்சியிலிருக்கும் தொட்டியை நாலு சுற்றுச் சுற்றலாம்.

மறுநாள் விடிந்ததும் மேட்டில் ஏறிப் பார்க்கக் கிளம்பினார். சலவைக் கடை வரை நன்றாகத்தான் போனது. அங்கே தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. சாலை சுவர் மாதிரி எழுந்து நின்றது. முழங்கால் இரண்டும் வேலை நிறுத்தம் செய்தன. சைக்கிள் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்து, அவரையும் சுமந்துகொண்டு பூச்செடிக் கடைக்குள் போய் உட்கார்ந்தது.

"செடி வாங்கறதா இருந்தா முன்பக்கமா வாங்க சார்" என்றாள் கடைக்காரம்மா.

சட்டி உடைந்த கள்ளிச்செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"சைக்கிள்ல போனவரு எதுக்குங்க கள்ளிச்செடியோட வர்றீங்க?" என்றாள் மனைவி.

"பார்த்தேன். அழகா இருந்துது."

"பேன்ட்டுக்குப் பின்னால முள்ளு முள்ளா நிக்குதே, அதுவும் அழகுக்குத்தானா?"

முள் எடுக்கக் குப்புறப் படுத்திருந்தபோது லிஃப்ட்காரருக்கு ஞானம் பிறந்தது. ஏறுவதற்கு அவர் பயப்படவில்லை. பின்னால் உருளத்தான் பயம். லிஃப்டில் கரண்ட் போனால் பிரேக் தானே வந்து பிடித்துக்கொள்ளும், அதனால்தான் ஜனங்கள் தைரியமாக ஏறுகிறார்கள். உடனே எழுந்துபோய்ப் பின்சக்கர பிரேக்கின் திருகை ஒரே ஒரு சுற்று முடுக்கினார். பயம் பாதி போய்விட்டது.

பாக்கிப் பாதியைப் போக்க, சின்ன மேட்டில் பழகுவது என்று முடிவு செய்தார். ஊரில் இருந்ததிலேயே சின்ன மேடு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் ஏற்றும் சரிவுதான். அதில் அவர் ஏறி முடித்தபோது முகம் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. வாய் மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. வாசலில் நின்ற காவலாளி ஓடி வந்தார்.

"நெஞ்சு வலிக்குதா சார்?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். மூச்சு இருந்தால்தானே! வெறும் கையை ஆட்டினார். அடுத்த நிமிடம் சக்கர நாற்காலியில் இருந்தார். அதற்கடுத்த நிமிடம் மார்பெல்லாம் ஒயர். நர்ஸ் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மனைவி அழுதுகொண்டே வந்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். "குதிரை மாதிரி இருக்காரும்மா. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது."

"ஞாயித்துக்கிழமை போகத்தான் வேணுமாங்க?"

"மானப் பிரச்சினைடி!"

சாயங்காலம் அவளே துணியை எடுத்துக்கொண்டு போய் சைக்கிளைப் பளபளவென்று துடைத்து வைத்தாள். லிஃப்ட்காரர் நெகிழ்ந்துபோனார்.

ஆனால் மறுநாள் தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே தொடை நடுங்கியது. 'பயம் காலுக்குள்ள இறங்கிடுச்சு' என்று நினைத்தார். மகளிடம் யோசனை கேட்டார். சைக்கிள் பிடிக்காவிட்டாலும் அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும்.

"உச்சியைப் பார்க்காதப்பா. அடுத்த விளக்குக் கம்பத்தை மட்டும் பாரு. அது வந்ததும் அதுக்கு அடுத்தது."

நல்ல யோசனை. அவர் விளக்குக் கம்பத்தை மட்டும் பார்த்தார். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே போனார். முட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை தராசுக்காரர் மேற்பார்வைக்கு வந்தபோது, லிஃப்ட்காரரின் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். தராசுக்காரர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா விட்டுடலாம் சம்பந்தி."

"பயமா இருக்கா உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்? குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க."

தண்ணீரோடு திரும்பியபோது தராசுக்காரர் சைக்கிளின் பின்னால் குந்தியிருந்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"மோட்டார் கீட்டார் ஒளிச்சு வெச்சிருக்கீங்களான்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது!

மகள் காரை ஓட்டினாள். பின்சீட்டில் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் தராசுக்காரர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, தராசு முள்ளைப் பார்ப்பதுபோல லிஃப்ட்காரரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் போன சைக்கிளோ தேர் மாதிரி அசைந்தது. அதுவும் சமதரையில்!

மேட்டடி வந்தது. ஷூ லேஸ் அவரைக் கூப்பிட்டது. அவர் குனியவில்லை. கியரை இருப்பதிலேயே இலேசானதற்கு மாற்றினார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. லிஃப்ட் என்றைக்காவது ஒரேயடியாக உச்சிக்குப் போயிருக்கிறதா? ஒவ்வொரு மாடியாகத்தானே போகிறது?

"முதல் மாடி!" என்று கத்தினார் முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும்.

"என்ன சொல்றாரு?" என்றார் தராசுக்காரர்.

"ரெண்டாவது மாடி!"

சலவைக் கடை வந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார். உள்ளே ஒரு சட்டை புகைந்தது. பூச்செடிக் கடைக்காரம்மா அவர் வருவதைப் பார்த்ததும் சட்டிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்தாள். இந்தத் தடவை சைக்கிள் முன்பக்கமாகப் போவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பூவாளியைத் தூக்கி ஆட்டி, "விடாதீங்க சார்!" என்று கூவினாள். தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போன ஓர் அம்மாள் அவரை முந்திக்கொண்டு போனாள். குழந்தை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது.

தொடை எரிந்தது. காதிலிருந்து ஆவி வந்தது. பெடல் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம் கனத்தது. சைக்கிள் நின்றேவிட்டது என்று எல்லோரும் நினைத்த இடத்தில், "கதவு திறக்காது! மேலேதான் போகும்!" என்று லிஃப்ட்காரர் முழங்கினார். சக்கரம் ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம். இன்னும் ஒன்று.

"மொட்டை மாடிடா!"

தண்ணித் தொட்டியின் நிழல் அவர் தலையில் விழுந்தது. கால் ஊனவே இல்லை! மகள் ஹாரனை விடாமல் அடித்தாள். மனைவி கண்ணைத் திறந்து, பார்த்து, கைதட்டி, மறுபடி அழுதாள்.

தராசுக்காரர் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார். "மோட்டார் இருக்கு."

"சம்பந்தி! உங்களுக்கே இது அநியாயமாத் தெரியலையா?"

"கீழே சைக்கிள் கடை இருக்கு. பிரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

சரியென்று இறங்கினார் லிஃப்ட்காரர். இறக்கத்திலும் மிதித்து மிதித்துத்தான் இறங்கினார். பின்னால் காரில் வந்த தராசுக்காரருக்குச் சந்தேகம் தலைக்கேறியது. "பாருங்க சம்பந்தியம்மா! இறக்கத்துல யாராவது மிதிப்பாங்களா? மோட்டார் சூடாகிப் பிடிச்சு இழுக்குது!"

சைக்கிள் கடையை நடத்தும் பெண் வண்டியை வாங்கி, மேலும் கீழும் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். சக்கரம் சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். முனகிக்கொண்டு கால் சுற்று வந்து நின்றது.

"இதுலயா மேட்டுக்குப் போனீங்க?"

"உச்சி வரைக்கும்!" என்றார் லிஃப்ட்காரர்.

"மோட்டார்தானே?" என்றார் தராசுக்காரர் ஆவலாக.

"மோட்டாரும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. பின் பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கிட்டு இருக்கு. யாருங்க இந்தத் திருகை இப்படி முடுக்கினது?"

"நான் ஒரே ஒரு சுத்துதாம்மா முடுக்கினேன்" என்றார் லிஃப்ட்காரர் திகைத்துப்போய்.

மனைவி முந்தானையைத் திருகினாள். "இறக்கத்துல எங்கயாவது விழுந்து வெச்சிடுவீங்களோன்னு... துடைக்கறப்போ நானும் ஒரு சுத்து."



"ரெண்டு சுத்துக்கு இவ்வளவு கவ்வாதே" என்றாள் கடைக்காரப் பெண்.

எல்லோரும் தராசுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த நெத்தி வீக்கத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலை. நானும் ஒரு சுத்து..." என்று இழுத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். "சரி, ஒத்துக்கறேன். பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் ஏறியிருக்காரு. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். டீ டம்ளர் ஒண்ணுதான் பாக்கி."